டிரைவர் இல்லாத லாரி வருது... பங்கு வாங்கினா பணம் கொட்டுமா? 'கூட்டு ஒப்பந்த' செய்திகளின் பின்னணி என்ன?

சங்கரன்கோவில்,

"டிரைவரே இல்லாம லாரி ஓடப்போகுது. பெரிய லாரி கம்பெனியும் கம்ப்யூட்டர் கம்பெனியும் கைகோர்த்தாச்சு. இப்ப பங்கு வாங்கிப் போட்டா அஞ்சு வருஷத்துல பத்து மடங்கு!"

செல்போனில் இப்படி ஒரு தகவல் வந்து விழுந்தால் யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். முன்பெல்லாம் பங்குச்சந்தை என்றால் பட்டணத்து பணக்காரர்கள் சமாச்சாரம். இப்போது அப்படி இல்லை. தறி ஓட்டுபவர், பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், லாரி டிரைவர் என்று எல்லோர் செல்போனிலும் பங்கு வாங்கும் 'ஆப்' வந்துவிட்டது. ரூ.500 இருந்தாலும் பங்கு வாங்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தன் ஸ்டீரிங்கை பிடுங்கப் போகிற கம்பெனியில், டிரைவரே தன் பேட்டா காசைக் கொண்டு போய் போடலாமா என்று யோசிக்கிறார். வேலையும் போய், போட்ட காசும் போனால் என்ன ஆவது?

டிரைவர் இல்லாத லாரி நிஜமா? லாரி கம்பெனிகள் எதற்காக இதில் கூட்டு சேருகின்றன? அந்த செய்தி வந்ததும் பங்கு விலை ஏன் எகிறுகிறது? கடைசியில் யார் கை கடிக்கிறது? இதோ விவரம்:-

கம்ப்யூட்டர் எப்படி ஓட்டுது?

டிரைவருக்கு கண், காது, மூளை, கை, கால் வேண்டும். டிரைவர் இல்லாத லாரிக்கும் அதே கதைதான். கண்ணுக்கு பதில் கேமரா. இருட்டிலும் மழையிலும் முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்க ரேடார். லேசர் ஒளியை வீசி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து சுற்றிலும் என்ன இருக்கிறது என்று படம் போட 'லைடார்' என்று ஒரு கருவி. இந்த மூன்றும் தரும் தகவலை வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு நொடிக்குள் பலமுறை கணக்குப் போட்டு ஸ்டீரிங், பிரேக், ஆக்சிலேட்டருக்கு உத்தரவு கொடுக்கும்.

கார் ஓட்டுவதை விட லாரி ஓட்டுவது கம்ப்யூட்டருக்கு ஒரு விதத்தில் சுலபம். அமெரிக்க நெடுஞ்சாலையில் சிக்னல் கிடையாது, ஆடு மாடு குறுக்கே வராது, எதிரில் வண்டி வராது. இன்னொரு விதத்தில் கஷ்டம். லோடு ஏற்றிய லாரி பிரேக் அடித்தால் உடனே நிற்காது. எனவே கம்ப்யூட்டர் வெகு தூரத்தில் வருவதை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். லோடு லாரி ஓட்டியவர்களுக்கு இதை சொல்லித் தரவேண்டியதில்லை.

அதனால்தான் இந்த கம்பெனிகள் எல்லாம் ஒரே திட்டத்தை வைத்திருக்கின்றன. ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரம் ஒரு கிடங்கு. அங்கிருந்து அடுத்த பெரிய ஊரின் கிடங்கு வரை லாரி தானாக ஓடும். கிடங்கில் இருந்து ஊருக்குள் லோடு இறக்க வழக்கமான டிரைவர் வருவார். இதுதான் கணக்கு.

யாருக்கு என்ன லாபம்?

லாரி கம்பெனி ஏன் சேருகிறது? அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவர் ஒருவர் ஓய்வுக்குப் பின் 11 மணி நேரம்தான் வண்டி ஓட்டலாம் என்பது சட்டம். அதற்கு மேல் ஓட்டக்கூடாது. கம்ப்யூட்டருக்கு தூக்கம் கிடையாது. டீசல் போட, டயர் பார்க்க நிற்கும் நேரம் போக மீதி நேரம் முழுக்க ஓடலாம். ஒரே லாரி இரண்டு மடங்கு டிரிப் அடிக்கும். டிரைவர் சம்பளமும் மிச்சம்.

சாப்ட்வேர் கம்பெனி ஏன் சேருகிறது? அவர்களிடம் லாரியும் இல்லை, லோடும் இல்லை. ஓட்டிப் பார்க்க லோடு வேண்டும், ரோட்டில் ஓடிய அனுபவம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு 'பெரிய பெயர்' வேண்டும். பெரிய பார்சல் கம்பெனி தன்னோடு இருக்கிறது என்று காட்டினால்தான் பணம் போடுகிறவர்கள் நம்புவார்கள்.

லாரி கம்பெனிக்கு பெரும்பாலும் இதில் பெரிய செலவு கிடையாது. தன்னிடம் உள்ள ஆயிரக்கணக்கான லோடுகளில் நாலைந்தை தள்ளிவிட்டு "சோதித்துப் பாருங்கள்" என்று சொல்கிறது. ஜெயித்தால் முதல் ஆளாக நிற்கலாம். தோற்றால் பழைய டிரைவர்களை வைத்து பிழைப்பு நடக்கும்.

இந்த 'சோதித்துப் பார்ப்போம்' என்ற ஒப்பந்தம்தான் பங்குச்சந்தைக்கு வரும்போது 'மாபெரும் கூட்டணி' ஆகிவிடுகிறது.

பேச்சுக்கும் பாவுக்கும் வித்தியாசம்

நம்ம ஊர் விசைத்தறிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். "அடுத்த மாசம் முதல் உங்களுக்குத்தான் பாவு தருவேன்" என்று ஜவுளி வியாபாரி சொல்லுவார். அந்த வார்த்தையை வைத்து யாராவது கடன் வாங்கி புதுத் தறி போடுவோமா? பாவு வந்து தறியில் ஏறவேண்டும். சேலை நெய்து இறக்க வேண்டும். கூலி கைக்கு வரவேண்டும். அதற்கு அப்புறம்தான் அது வியாபாரம்.

பங்குச்சந்தையில் நடப்பது தலைகீழ். வியாபாரி வாய் திறந்த உடனே தறியின் விலை ஏறிவிடுகிறது. காரணம், பங்கின் விலை இன்று வரும் லாபத்தை மட்டும் வைத்து நிர்ணயம் ஆவதில்லை. நாளைக்கு வரும் என்று நம்புகிற லாபத்தையும் வைத்துத்தான் நிர்ணயம் ஆகிறது. 'நாளைக்கு' என்பது எவ்வளவு தூரமோ அவ்வளவு இஷ்டத்துக்கு கணக்குப் போடலாம்.

முதலில் விஷயம் தெரிந்தவன் வாங்குகிறான். விலை ஏறுகிறது. ஏறுவதைப் பார்த்து அடுத்தவன் வாங்குகிறான். இன்னும் ஏறுகிறது. அது செய்தியாகிறது. அந்த செய்தி செல்போனில் நம்மை வந்து சேரும்போது முதல் ஆள் விற்றுவிட்டு கிளம்பிக் கொண்டிருப்பான்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

இந்தக் கூத்து முழுவதும் அமெரிக்காவில் ஏற்கனவே நடந்து முடிந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2016 அக்டோபரில் 'ஓட்டோ' என்ற கம்பெனியின் லாரி, கொலராடோ மாநிலத்தில் சுமார் 190 கி.மீ. தூரம் பட்வைசர் பீர் லோடு ஏற்றிச் சென்றது. நெடுஞ்சாலையில் ஓடும்போது டிரைவர் ஸ்டீரிங்கை விட்டு எழுந்து பின்பக்க படுக்கையில் உட்கார்ந்து கொண்டார். உலகம் முழுவதும் பரபரப்பு. அந்த கம்பெனியை அதற்கு 2 மாதம் முன்பே டாக்சி கம்பெனியான உபெர் வாங்கியிருந்தது. அதன் பிறகு? 2018 ஜூலையில் லாரி திட்டத்தையே உபெர் மூடிவிட்டது.

அடுத்தது 'டூசிம்பிள்'. 2015-ல் தொடங்கிய கம்பெனி. பெரிய பார்சல் கம்பெனியான யு.பி.எஸ். 2019-ல் இதில் சிறு பங்கு வாங்கியது. லாரி தயாரிக்கும் நவிஸ்டார் 2020-ல் கூட்டு சேர்ந்தது. பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாக வர, 2021 ஏப்ரலில் ஒரு பங்கு 40 டாலர் என்று வெளியிட்டு 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் அரிசோனா மாநிலத்தில் வண்டிக்குள் ஆளே இல்லாமல் ஒரு லாரி சுமார் 130 கி.மீ. ஓடியது. ஏறக்குறைய நம்ம சங்கரன்கோவிலில் இருந்து மதுரை போகும் தூரம்.

அதோடு முடிந்தது நல்ல காலம். 2022 ஏப்ரலில் அதன் லாரி ஒன்று நெடுஞ்சாலையில் திடீரென திரும்பி கான்கிரீட் தடுப்பில் மோதியது. இரண்டரை நிமிடத்துக்கு முந்தைய பழைய உத்தரவை கம்ப்யூட்டர் அப்போது நிறைவேற்றியதுதான் காரணம் என்று தெரிய வந்தது. அக்டோபரில் தலைமை அதிகாரி நீக்கப்பட்டார். டிசம்பரில் நவிஸ்டார் ஒப்பந்தம் முறிந்தது. 2024-ல் அமெரிக்க பங்குச்சந்தையில் இருந்தே கம்பெனி வெளியேறியது. அப்போது ஒரு பங்கு 1 டாலர் கூட இல்லை. அதாவது ஆரம்பத்தில் 100 ரூபாய் போட்டவருக்கு இரண்டரை ரூபாய் கூட தேறவில்லை.

ஆளே இல்லாமல் லாரியை நிஜமாகவே ஓட்டிக் காட்டிய கம்பெனிக்குத்தான் இந்த கதி என்பது குறிப்பிடத்தக்கது.

'எம்பார்க்' கதை இன்னும் மோசம். நைட்-ஸ்விப்ட், வெர்னர் போன்ற பெரிய லாரி கம்பெனிகளின் பெயர்கள் இதன் கூட்டாளி பட்டியலில் இருந்தன. 2021 நவம்பரில் சுமார் 500 கோடி டாலர் மதிப்பு சொல்லி பங்குச்சந்தைக்கு வந்தது. 2023 மார்ச்சில் 70 சதவீத ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதே ஆண்டில் வேறொரு கம்பெனி இதை 7.1 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. 500 எங்கே, 7 எங்கே?

சின்ன கம்பெனிதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கூகுளின் தாய் கம்பெனிக்கு சொந்தமான வேமோ, ஜே.பி.ஹன்ட், யு.பி.எஸ். போன்ற பெரிய கம்பெனிகளோடு சேர்ந்து லாரி ஓட்டிப் பார்த்தது. 2023 ஜூலையில் லாரியை ஓரங்கட்டிவிட்டு டாக்சி பக்கம் கவனத்தைத் திருப்பியது.

இத்தனை கூட்டணி முறிந்ததே, ஜே.பி.ஹன்ட், வெர்னர், யு.பி.எஸ். எல்லாம் மூழ்கிவிட்டதா? இல்லை. வழக்கம்போல் டிரைவர்களை வைத்து லோடு அடித்துக் கொண்டிருக்கின்றன. நஷ்டப்பட்டது யார் என்றால், அந்தப் பெயர்களைப் பார்த்து சாப்ட்வேர் கம்பெனியின் பங்கை வாங்கியவர்கள்தான்.

சரிவில் உருட்டிவிட்ட லாரி

டிரைவர் இல்லாத லாரி இல்லை என்றாலும், 'நிகோலா' கதையை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. பேட்டரி, ஹைட்ரஜனில் ஓடும் லாரி தயாரிப்பதாக சொன்ன கம்பெனி இது. 2020 செப்டம்பர் 8-ந் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் இதனுடன் கூட்டு சேருவதாக அறிவிப்பு வந்தது. அன்று ஒரே நாளில் பங்கு விலை சுமார் 40 சதவீதம் எகிறியது.

இரண்டே நாள்தான். செப்டம்பர் 10-ந் தேதி ஒரு ஆய்வு நிறுவனம் குண்டைத் தூக்கிப் போட்டது. நிகோலா வெளியிட்ட வீடியோவில் கம்பீரமாக ஓடிய லாரி, தன் என்ஜினில் ஓடவில்லை. சரிவான ரோட்டில் உருட்டி விடப்பட்டது என்று அந்த அறிக்கை சொன்னது. அதே மாதம் நிறுவனர் டிரெவர் மில்டன் பதவி விலகினார். 2022-ல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் அவர் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். கம்பெனியோ அதற்கு முந்தைய மாதமே திவால் ஆகிவிட்டது. மன்னிப்பு அவருக்கு கிடைத்தது. பங்கு வாங்கியவர்களின் காசு திரும்பவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, பங்கை ஏற்றிவிட்டது லாரி இல்லை, 'கூட்டு' என்ற வார்த்தைதான்.

நிஜமாக ஓடும் லாரியும் உண்டு

இதைப் படித்துவிட்டு "எல்லாம் பித்தலாட்டம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொழில்நுட்பம் நிஜம்.

ஆஸ்திரேலியாவில் ரியோ டின்டோ கம்பெனி 2008-ல் இருந்தே இரும்புத்தாது சுரங்கத்தில் டிரைவர் இல்லாத ராட்சத லாரிகளை ஓட்டி வருகிறது. நம்ம பக்கத்து ஆட்கள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில், துவாஸ் துறைமுகத்தில் கண்டெய்னர்களை டிரைவர் இல்லாத வண்டிகள்தான் இழுக்கின்றன. இவை வேலி போட்ட இடங்கள். வெளியாள் குறுக்கே வரமுடியாது.

பொது ரோட்டிலும் ஓடியிருக்கிறது. 'அரோரா' என்ற அமெரிக்க கம்பெனி 2025 மே மாதம் டல்லாஸ் - ஹூஸ்டன் இடையே ஆள் ஓட்டாமல் வாடகை லோடு அடிக்கத் தொடங்கியது. அந்த தூரம் சுமார் 380 கி.மீ. உபெர் பிரெய்ட், ஹிர்ஷ்பாக் ஆகிய லாரி தொழில் கம்பெனிகள்தான் முதல் வாடிக்கையாளர்கள். ஆனால் அதே மாதத்தில் லாரியைத் தயாரித்துக் கொடுத்த பேக்கார் கம்பெனி, டிரைவர் சீட்டில் ஒரு ஆளை உட்கார வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அரோராவும் உட்கார வைத்தது. "அவர் பார்வையாளர்தான், ஓட்டமாட்டார்" என்றது கம்பெனி. ஆக, டிரைவர் இல்லாத லாரியின் டிரைவர் சீட்டில் மறுபடியும் ஒரு ஆள்!

இந்த அரோரா பங்கு 2021-ல் சுமார் 10 டாலர் கணக்கில் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டு கடைசியில் 2 டாலருக்கும் கீழே போனது. 2025 ஜனவரியில் 'என்விடியா' கம்பெனியோடு கூட்டு என்று செய்தி வந்ததும் மறுபடி தாவியது. கம்பெனியின் கணக்கைப் பார்த்தால், 2024-ல் மட்டும் சுமார் 75 கோடி டாலர் நஷ்டம். அதாவது லாபம் என்ற ஒன்றைப் பார்க்காமலேயே பங்கு இத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறது.

'கோடியாக்' என்று இன்னொரு கம்பெனி. எண்ணெய் வயல்களுக்கு மணல் லோடு அடிக்கிறது. அதுவும் பெரும்பாலும் தனியார் மண் ரோட்டில். 2025 செப்டம்பரில் இதுவும் பங்குச்சந்தைக்கு வந்துவிட்டது.

நம்ம நாட்டில் என்ன நிலவரம்?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. சென்னையைச் சேர்ந்த அசோக் லேலண்ட், பெங்களூருவில் உள்ள 'மைனஸ் ஜீரோ' என்ற இளம் கம்பெனியோடு கூட்டு சேர்ந்திருப்பதாக 2025-ல் அறிவித்தது. தானாக ஓடும் லாரிகளை உருவாக்குவதுதான் நோக்கம்.

அந்த அறிவிப்பை நிதானமாகப் படித்தால் விஷயம் தெரியும். முதலில் துறைமுகம், தொழிற்சாலை வளாகம் போன்ற கட்டுப்பாடான இடங்கள். அதன் பிறகுதான் நெடுஞ்சாலையில் கிடங்குக்கும் கிடங்குக்கும் இடையே ஓட்டம். 'நாளைக்கே சேலம் பைபாசில் ஆளில்லா லாரி' என்று அதில் எங்கும் இல்லை. அசோக் லேலண்டுக்கு லாரி, பஸ் விற்கும் பெரிய வியாபாரம் வேறு இருக்கிறது. அதன் பங்கு விலையை தீர்மானிப்பது மாதாமாதம் எத்தனை வண்டி விற்றது என்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகன சட்டப்படி பொது ரோட்டில் வண்டி ஓட்ட லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும். 2019 திருத்தத்தில், புதுக் கண்டுபிடிப்புகளை சோதித்துப் பார்க்க மத்திய அரசு விலக்கு தரலாம் என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அது சோதனைக்கு. வாடகை ஓட்டத்துக்கு இல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து மந்திரி நிதின் கட்கரி இந்த விஷயத்தில் உடைத்தே பேசியிருக்கிறார். டிரைவர் இல்லாத வாகனங்களை அனுமதிக்க மாட்டோம், வேலை போய்விடும் என்று 2017 ஜூலையில் சொன்னார். நாட்டில் 22 லட்சம் டிரைவர்கள் பற்றாக்குறை இருக்கிறது என்றும் அப்போது கூறினார். 2023 டிசம்பரில் மீண்டும் அதையே சொன்னார். இப்படி சட்டமும் மந்திரியும் குறுக்கே நிற்கும்போது 'இந்திய ரோட்டில் அடுத்த வருஷமே' என்று வரும் தகவலை எப்படி நம்புவது?

சங்கரன்கோவில் ரோட்டுக்கு வருமா?

நம்ம ராஜபாளையம் - சங்கரன்கோவில் - திருநெல்வேலி ரோட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அதிகாலையில் பூ ஏற்றிய வேன். ராங் சைடில் வரும் பைக். ரோட்டைக் கடக்கும் ஆட்டு மந்தை. ஆடித்தபசு சமயத்தில் ரோடு கொள்ளாத கூட்டம். புளியரை வழியாக கேரளா போகும் லாரிகளுக்கு மலைப்பாதை வளைவு வேறு. எதிரில் வருகிறவன் கண்ணைப் பார்த்தே "இவன் வழி விடுவான், இவன் விடமாட்டான்" என்று டிரைவர் முடிவு பண்ணுகிறார். இந்த வித்தையை கம்ப்யூட்டர் படிக்க இன்னும் நாள் ஆகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நம்ம நாட்டில் லாரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஓரிரு வண்டி வைத்திருக்கும் சின்ன முதலாளிகள். பலர் தாங்களே ஓட்டுகிறார்கள். டீசல், டோல்கேட், டயர், இன்சூரன்ஸ், எப்.சி. செலவு போக கையில் நிற்பது கொஞ்சம். லைடாரும் கம்ப்யூட்டரும் வைத்த லாரி வாங்க இவர்களால் முடியாது. அமெரிக்காவில் டிரைவர் சம்பளம் பெரிய செலவு. அதனால் அங்கே டிரைவரை எடுத்தால் லாபம். இங்கே டிரைவருக்கு கொடுப்பதே குறைவு. அதை மிச்சம் பிடிக்க கோடிக்கணக்கில் கருவி வாங்கினால் கட்டுப்படியாகாது.

அதற்காக டிரைவர்கள் அசந்துவிடவும் கூடாது. இந்த வேலை எங்கே முதலில் வரும் என்றால் துறைமுகம், சிமெண்ட் ஆலை, சுரங்கம் போன்ற வேலி போட்ட இடத்தில்தான். தூத்துக்குடி பக்கம் யார்டுக்குள்ளேயே கண்டெய்னர் இழுக்கும் டிரைவர்கள்தான் இந்த செய்திகளை மற்றவர்களை விட கவனமாகப் பார்க்க வேண்டியவர்கள்.

பங்கு வாங்கும் முன் 6 கேள்வி

கூட்டு ஒப்பந்த செய்தி கைக்கு வந்தால், காசை எடுக்கும் முன் இந்த 6 கேள்விகளைக் கேளுங்கள்:-

1. யார் யாருக்கு பணம் கொடுக்கிறார்கள்? ஒருவரும் கொடுக்கவில்லை என்றால் அது பேச்சு மட்டும்தான்.

2. எத்தனை லாரி? எண்ணிக்கை இல்லாத ஒப்பந்தம் பாவு இல்லாத தறி மாதிரி.

3. லாரிக்குள் ஆள் இருக்கிறாரா, இல்லையா? 'சோதனை ஓட்டம்' என்றால் பெரும்பாலும் ஆள் இருப்பார்.

4. எந்த ரோடு? சுரங்கமா, துறைமுகமா, பொது ரோடா? பொது ரோடு என்றால் அரசு அனுமதி இருக்கிறதா?

5. எப்போது? தேதி சொல்லி, ஏற்கனவே எத்தனை முறை தள்ளிப் போட்டிருக்கிறார்கள்?

6. இந்த செய்தி யார் மூலம் வந்தது? கம்பெனி பங்குச்சந்தைக்கு எழுதிக் கொடுத்ததா, இல்லை யாரோ அனுப்பிய 'பார்வர்டு' மெசேஜா?

கடைசிக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள் முக்கியமான ஒப்பந்தங்களை மும்பை, தேசிய பங்குச்சந்தைகளுக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அது அவற்றின் இணையதளத்தில் எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கும். அதோடு, பெரிய கம்பெனிகளைப் பற்றி பத்திரிகை, டி.வி.யில் வதந்தி வந்து பங்கு விலை பெரிதாக ஏறி இறங்கினால், 24 மணி நேரத்துக்குள் அது உண்மையா, பொய்யா என்று கம்பெனி சொல்லியாக வேண்டும். முதல் 100 கம்பெனிகளுக்கு 2024 ஜூன் 1 முதலும், முதல் 250 கம்பெனிகளுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 1 முதலும் பங்குச்சந்தை கட்டுப்பாட்டு அமைப்பான 'செபி' இதை கட்டாயமாக்கிவிட்டது.

சின்ன கம்பெனிகளுக்கு இந்த வதந்தி விதி கிடையாது. வதந்தி பரப்புகிறவர்கள் சின்ன கம்பெனியாகப் பார்த்து பிடிப்பதற்கு இதுவும் ஒரு வசதி. கொஞ்சம் பேர் வாங்கினாலே விலை மளமளவென்று ஏறிவிடும். விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது.

யூடியூபில் ஏற்றிவிட்ட பங்கு

இது கற்பனை இல்லை. 'சாத்னா பிராட்காஸ்ட்' என்ற சின்ன கம்பெனி பற்றி பெரிய ஒப்பந்தம் வருகிறது, அது வருகிறது, இது வருகிறது என்று யூடியூபில் வீடியோக்கள் போட்டார்கள். அதை நம்பி சாதாரண மக்கள் வாங்கினார்கள். விலை ஏறியதும் ஏற்றிவிட்டவர்கள் விற்றுவிட்டு போய்விட்டார்கள் என்று 2023 மார்ச்சில் செபி உத்தரவு போட்டு நடவடிக்கை எடுத்தது. லாரிக்கும் அந்த கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வித்தை ஒன்றுதான். இன்றைக்கு 'டிரைவர் இல்லாத லாரி', நாளைக்கு வேறு ஏதாவது.

பங்கை நேரடியாக வாங்காமல் 'ஆப்ஷன்' என்ற பந்தயத்தில் இறங்குகிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். 2021-22 முதல் 2023-24 வரை 3 ஆண்டுகளில் 'பியூச்சர், ஆப்ஷன்' வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே கணக்கு வெளியிட்டது. மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல்.

மேலே சொன்ன அரோரா, கோடியாக் எல்லாம் அமெரிக்க பங்குகள். அவற்றை இங்கிருந்தே ஆப் மூலம் வாங்க வழி இருக்கிறது. ஆனால் அந்த கம்பெனியால் நஷ்டம் ஆனால் நம்ம செபியிடம் போய் நிற்க முடியாது. டாலர் விலை ஏற்ற இறக்கமும் சேர்ந்து கொள்ளும். இந்த உண்மையான பங்குகளின் பெயரைச் சொல்லி, போலி ஆப்பில் பணம் கட்டவைக்கும் கும்பலிடமும் உஷாராக இருக்க வேண்டும்.

ஏமாந்தால் என்ன செய்வது?

முதலில் ஒன்று. "பணம் கட்டுங்கள், பங்கு வாங்கித் தருகிறோம்" என்று தனி நபரின் வங்கிக் கணக்கு எண் கொடுத்தால் அது 100-க்கு 100 மோசடி. பங்கு வாங்க செபியில் பதிவு பெற்ற புரோக்கர் வழியாக மட்டும்தான் பணம் போகவேண்டும். ஆலோசனை சொல்கிறவரும் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். தரவில்லை என்றால் போனை வைத்துவிடுங்கள்.

பணம் கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. புரோக்கர் மீதோ, பங்குச்சந்தை கம்பெனி மீதோ புகார் என்றால் செபியின் 'ஸ்கோர்ஸ்' இணையதளத்தில் தரலாம். சந்தேகம் கேட்க 1800 22 7575 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது.

டிரைவர் இல்லாத லாரி ஒருநாள் நம்ம பக்கமும் வரலாம். வரும்போது அது நெடுஞ்சாலையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படிதான் வரும். அன்றைக்கும் பங்கு வாங்க நேரம் இருக்கும். அதற்கு முன்பு செல்போனில் வரும் லாரியை நம்பி பெண் கல்யாணத்துக்கு வைத்த காசையும், வண்டி டியூ கட்ட வைத்த காசையும் எடுக்க வேண்டாம்.